நோட்டீஸ் போர்டுல எதைப் படிக்கணும், எதுக்குப் போகணும்: புதுசா சேர்ந்த ஸ்காலர்ஸுக்கு

புதுசா பிஹெச்டி சேர்ந்த தம்பி தங்கச்சிங்க யாரைப் பாத்தாலும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க, "அக்கா, டிபார்ட்மென்ட் குரூப்ல தினமும் இத்தனை சர்க்குலர் வருதே, எல்லாத்தையும் படிக்கணுமா?"ன்னு. படிக்க வேண்டியது கொஞ்சம்தான்பா. ஆனா அந்தக் கொஞ்சம்தான் கடைசி தேதிக்கு முந்தின நாள் ராத்திரி பத்தரை மணிக்கு வந்து சேரும், அதுவும் யாரோ சாய்ச்சு வச்சு எடுத்த போட்டோவா, தேதி இருக்குற ஓரம் மட்டும் கட் ஆகி. ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கையெழுத்தாகி, டீன் டேபிளுக்குப் போயி, அங்கருந்து ஹெச்ஓடி, அவர் "நோட் பண்ணவும்"னு எழுதி ஆபீஸ் அசிஸ்டென்ட்கிட்ட குடுத்து, அவங்க ஃபைல் பண்ணிட்டு மிச்ச நேரத்துல போட்டோ எடுத்து குரூப்ல போடுறதுக்குள்ள பத்து நாள் ஓடிடுது, இதுல யாரையும் தனியா குத்தம் சொல்ல முடியாது, பேப்பர் போற வழி அப்படி. அதனால குரூப்பை நம்பாம வாரம் ஒரு தடவை யுனிவர்சிட்டி வெப்சைட்டையும், ரிசர்ச் செக்‌ஷன் வாசல்ல இருக்குற கண்ணாடி போட்ட போர்டையும் நேர்ல போயி பாத்துடுங்க. நான் சென்னையில ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில ஹிஸ்டரி ஸ்காலர், இப்ப ஆய்வேட்டோட சுருக்கமான சினாப்சிஸ் எழுதிக்கிட்டு இருக்கேன், இத்தனை வருஷமா போர்டு பாத்த அனுபவத்துல சொல்றேன், பெரிய எழுத்துல கலர் பிரின்ட்ல வர்ற அறிவிப்புக்கும் நம்ம வாழ்க்கைக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது, மங்கின ஜெராக்ஸ்ல இருக்குறதுதான் முக்கியமா இருக்கும்.

முதல்ல கலர் பிரின்ட் சமாச்சாரம். "அனைத்து ஆய்வாளர்களும் கண்டிப்பாகக் கலந்துகொள்ள வேண்டும்"னு ஒரு வரி இருந்தா புரிஞ்சுக்கோங்க, சீஃப் கெஸ்ட் யாரோ வர்றாங்க, ஹால் காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நாற்காலி போட, பேட்ஜ் குத்த, பொன்னாடை தட்டைத் தூக்கிட்டு மேடைக்குப் போக எல்லாத்துக்கும் நாமதான். டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப் மாதிரி வேலை வாரத்துக்கு 4லேர்ந்து 6 மணி நேரம் ஸ்காலருக்குக் குடுக்கலாம்னு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியோட 2022 ரெகுலேஷன்ஸ்ல இருக்கு, அது பாடம் எடுக்க, டுடோரியல் பாக்க, லேப் வேலை, பேப்பர் திருத்தன்னு வர்ற விஷயம், நாற்காலிக் கணக்கு அதுல வராது. ஆனாலும் போக வேண்டி வரும், போயிட்டு வாங்க, பின்வரிசையில உக்காந்து கொஞ்சம் ரெஃபரன்ஸ் திருத்தினா நேரம் வீண் இல்ல.

அடுத்து கருத்தரங்கம். தமிழ்நாட்டுல ஸ்காலரா இருந்தா இதுல இருந்து தப்பவே முடியாது. "ஒருநாள் பன்னாட்டுக் கருத்தரங்கம், கட்டுரை நாலு பக்கத்துக்கு மிகாமல், யூனிகோட் எழுத்துரு, ஆய்வுக்கோவை ஐஎஸ்பிஎன் எண்ணுடன் வெளியிடப்படும், பேராளர் கட்டணம் இவ்வளவு"ன்னு ஒரு அழைப்பிதழ் வாராவாரம் எங்கிருந்தாவது வந்துடும். யாழ்ப்பாணத்துல இருந்தோ கோலாலம்பூர்ல இருந்தோ ஒருத்தர் ஜூம்ல வந்துட்டா அது பன்னாட்டு ஆயிடும். காலையில குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, கட்டுரைத் தொகுப்பான ஆய்வுக்கோவை வெளியீடு, குரூப் போட்டோ, மணி பன்னெண்டரை. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே கிளாஸ்ரூம்ல முப்பது பேரை உக்கார வச்சு ஆளுக்கு நாலு நிமிஷம், அதுலயும் அமர்வுத் தலைவர் "நேரமின்மை காரணமா முடிவுரையை மட்டும் சொல்லுங்க"ம்பார், சொன்னவுடனே சர்டிபிகேட்டை வாங்கிட்டு பஸ் ஏறிடலாம். நம்ம கட்டுரையை அந்த ரூம்ல யாராச்சும் கேட்டாங்களான்னு பாத்தா அடுத்துப் பேசப் போறவர் தன்னோட பேப்பரைப் புரட்டிக்கிட்டு இருப்பார்.

ஐஎஸ்பிஎன் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. அது புத்தகத்துக்கு அடையாள நம்பர், தரச் சான்றிதழ் கிடையாது. இந்தியாவுல ராஜா ராம்மோகன் ராய் பேர்ல இருக்குற தேசிய ஏஜென்சி அதை இலவசமாவே குடுக்குது, சமையல் குறிப்பு புக்குக்கும் வாங்கலாம், ஜாதக புக்குக்கும் வாங்கலாம். அதனால "ஐஎஸ்பிஎன் செலவு"ன்னு யாராச்சும் காசு கேட்டா சிரிச்சுக்கோங்க. இன்னொண்ணு, தீசிஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஜர்னல்ல பேப்பர் போட்டே ஆகணும்ங்கிற கட்டாயத்தை யுஜிசி 2022 ரெகுலேஷன்ஸ்ல எடுத்துட்டாங்க, ஆனா பல யுனிவர்சிட்டி தங்களோட சொந்த ரூல்ல இன்னும் வச்சிருக்கு, அதனால கேன்டீன்ல யாரோ சொன்னதை நம்பாம உங்க யுனிவர்சிட்டி ரெகுலேஷன்ஸ் பிடிஎஃப்பை ஒரு தடவை முழுசா படிச்சுடுங்க, நீங்க சேர்ந்த வருஷத்துக்கான ரெகுலேஷனை, வேற வருஷத்தோடதை இல்ல. ஜர்னல் விஷயத்துலயும் இதே குழப்பம். தரமான ஜர்னல்னு யுஜிசி போட்டு வச்ச கேர் லிஸ்ட், 2018-ல ஆரம்பிச்சது, அதை 2025 பிப்ரவரியில நிறுத்திட்டாங்க, ஜர்னல் நல்லதா இல்லையான்னு இனி அந்தந்த இன்ஸ்டிடியூஷனே முடிவு பண்ணிக்கணும்னு சொல்லிட்டாங்க. ஆனா "கேர் லிஸ்ட் ஜர்னல், ஏழே நாள்ல பப்ளிகேஷன்"னு மெசேஜ் வர்றது மட்டும் நிக்கல. ஏழு நாள்ல ஒரு ரெவ்யூவர் மெயிலைத் தொறந்தாலே அதிசயம், இவங்க பிரின்ட்டே பண்ணிடுறாங்களாம்.

நல்ல கருத்தரங்கமே இல்லைன்னு சொல்ல வரல. அப்ஸ்ட்ராக்ட்டை வாங்கிப் படிச்சு, சிலதை வேண்டாம்னு திருப்பி அனுப்புறாங்களா, பேசினதுக்கு அப்புறம் கேள்விக்கு நேரம் ஒதுக்குறாங்களா, இது ரெண்டையும் பாத்தா போதும். எங்க சப்ஜெக்ட்ல 1935-ல ஆரம்பிச்ச இந்தியன் ஹிஸ்டரி காங்கிரஸ் பெரும்பாலும் டிசம்பர் கடைசியில கூடும், தமிழ்நாடு வரலாற்றுப் பேரவையும் வருஷா வருஷம் நடக்குது, மெம்பர் ஆகணும், அப்ஸ்ட்ராக்ட் தேதி சில மாசம் முன்னாடியே முடிஞ்சிடும். இதெல்லாம் போர்டுல வரும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க, வராது.

போர்டுல வந்தே ஆகுற இன்னொரு விஷயம் நெட், காலேஜ் ஆசிரியர் வேலைக்கும் ஃபெல்லோஷிப்புக்குமான தேசியத் தகுதித் தேர்வு. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன் ஒண்ணு, டிசம்பர் ஒண்ணுன்னு பேர்தான், டிசம்பர் நெட் சில வருஷம் ஜனவரியிலதான் நடக்கும், அதுக்கெல்லாம் பழகிக்கணும். 2024 ஜூன் 18-ஆம் தேதி 9 லட்சத்துக்கும் மேல எழுதின எக்ஸாமை மறுநாளே கேன்சல் பண்ணினாங்களே, ஞாபகம் இருக்குல்ல? எழுதி முடிச்சுட்டு ஊருக்குப் போற ட்ரெயின்ல உக்காந்து நியூஸ் பாத்தவங்க எத்தனை பேர். மறுபடி ஆகஸ்ட் 21-லேர்ந்து செப்டம்பர் 4 வரைக்கும் கம்ப்யூட்டர்ல நடத்தினாங்க. அடுத்த சைக்கிள்ல ஜனவரி 15, 2025 அன்னைக்கு எக்ஸாம்னு போட்டாங்க, நமக்கு மாட்டுப் பொங்கல், அப்புறம் பலரும் சொல்லிச் சொல்லி அன்னைக்கு வச்சிருந்த பேப்பரை மட்டும் 21, 27 தேதிகளுக்கு மாத்தினாங்க. மாநில அளவுல நடக்குற செட் தேர்வு கதை இன்னும் நீளம், 2024 ஜூன்ல நடக்க வேண்டியது தள்ளிப்போயி 2025 மார்ச்லதான் நடந்துச்சு. அதனால எக்ஸாம் தேதியைப் பாத்துட்டு ட்ரெயின் டிக்கெட் போடுறவங்க கேன்சலேஷன் சார்ஜையும் மனசுல வச்சுக்கோங்க. நெட் அப்ளை பண்ணும்போது நம்ம ஊர் பிள்ளைங்க அதிகமா மாட்டுறது சர்டிபிகேட்ல. நம்மகிட்ட இருக்குற பிசி, எம்பிசி கம்யூனிட்டி சர்டிபிகேட் அங்க செல்லாது, சென்ட்ரல் கவர்மென்ட் ஃபார்மட்ல ஓபிசி நான் கிரீமி லேயர் சர்டிபிகேட் தனியா வாங்கணும், இ-சேவை மையத்துல அப்ளை பண்ணினா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஒவ்வொரு டேபிளா நகரும், நோட்டிஃபிகேஷன் வந்த பிறகு ஓடினா பதட்டம்தான் மிஞ்சும், இப்பவே போட்டு வைங்க.

நெட் வழியா வர்ற ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப், அதான் ஜேஆர்எஃப், கிடைச்சவங்களுக்கு முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் சீனியர், அதாவது எஸ்ஆர்எஃப் ஆனா 42,000, 2023 ஜனவரியில இருந்து இதுதான் ரேட். இதுல மறக்கக் கூடாதது, மாசாமாசம் யுனிவர்சிட்டியில இருந்து கன்ஃபர்மேஷன் போகணும், அட்டெண்டன்ஸ் ஷீட்ல கைடு கையெழுத்து வாங்கி செக்‌ஷன்ல குடுக்குற தேதி போர்டு ஓரத்துல துண்டு பேப்பர்ல ஒட்டியிருக்கும், அந்தத் துண்டு பேப்பர்தான் உங்க ஹாஸ்டல் மெஸ் பில்லு. ரெண்டு வருஷம் முடிஞ்சதும் அப்கிரேடேஷன் தானா நடக்கும்னு இருக்காதீங்க, கமிட்டி கூடி உங்க வேலையைப் பாத்து ரிப்போர்ட் குடுத்தாத்தான் நடக்கும். ஃபெல்லோஷிப் எதுவும் இல்லாம கையைக் கடிச்சுக்கிட்டுப் படிக்கிறவங்கதான் நம்ம கேம்பஸ்ல அதிகம், அவங்களுக்கு மாநில அரசு உதவித்தொகை சர்க்குலரும் வரும், ஆதிதிராவிடர் நலத்துறையோடது மாதிரி, அதை மட்டும் யாராச்சும் பாத்தா உடனே குரூப்ல போட்டுடுங்க, உங்களுக்குப் பொருந்தலைன்னாலும்.

இப்ப நான் உண்மையில சொல்ல வந்த விஷயம். போர்டுல வர்ற அத்தனை அறிவிப்புலயும் ஒரு ஸ்காலர் தேடிப் போக வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அடுத்தவங்களோட வைவா, தீசிஸ் பத்தி எக்ஸாமினர் கேக்குற கேள்விக்கு நேர்ல பதில் சொல்ற வாய்மொழித் தேர்வு. ஒரு ஏ4 பேப்பர், ஸ்காலர் பேரு, தலைப்பு, கைடு பேரு, தேதி, இடம், "ஆர்வமுள்ளோர் அனைவரும் வருக", அவ்வளவுதான் இருக்கும், டிசைனும் கிடையாது, கலரும் கிடையாது. வைவா யாரும் வந்து பாக்கக்கூடிய விஷயம், ரூல்லயே அப்படித்தான் இருக்கு, டிபார்ட்மென்ட் ஆசிரியர்கள், ஸ்காலர்ஸ், ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் உக்காரலாம். ஆனா போறது யாரு? வைவா குடுக்குறவரோட சொந்தக்காரங்க, அதே கைடுகிட்ட இருக்குற ஸ்காலர்ஸ், சாப்பாடு நேரத்துக்குக் கரெக்டா வர்ற நாலு பேரு. புதுசா சேர்ந்தவங்க "நம்ம சப்ஜெக்ட் இல்லையே, நமக்கு எதுக்கு"ன்னு விட்டுடுறாங்க. உங்க சப்ஜெக்டா இல்லாம இருந்தா இன்னும் நல்லதுன்னு நான் சொல்லுவேன், ஏன்னா அப்ப தகவலை விட்டுட்டு கேள்வி எப்படி வருது, பதில் எங்க வழுக்குதுன்னு அது மட்டும் கண்ணுல படும்.

ஒரு வைவா சொல்றேன். ஒரு ஜில்லாவோட ஏரிப் பாசனம் பத்தின தீசிஸ், தலைப்புல 1900-லேர்ந்து 1947 வரைன்னு இருந்துச்சு. பிரசன்டேஷன் அருமையா போச்சு, மேப்பு, டேபிள், எல்லாம் பக்கா. வெளியில இருந்து வந்த எக்ஸாமினர், அதான் எக்ஸ்டர்னல், பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், "1947 ஆகஸ்ட் 15-ஆம் தேதி அந்த ஏரியில என்னம்மா மாறுச்சு?" அந்தக்கா ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டாங்க. சுதந்திரம் கிடைச்சுதுன்னு சொல்ல முடியாது, ஏரிக்கு அது தெரியாதே. மதகு, மடை, குடிமராமத்து, வரி எதுவும் அந்த ஒரு நாள்ல மாறல. அப்புறம் சமாளிச்சு, ஆவணங்கள் எந்த வருஷம் வரைக்கும் தொடர்ச்சியா கிடைச்சதுங்கிற பக்கமா போயி பதில் சொன்னாங்க, அவரும் தலையாட்டினார், டிகிரியும் வந்துச்சு. ஆனா ஹால்ல இருந்த ஹிஸ்டரிக்காரங்க எல்லாரும் அன்னைக்கு ராத்திரி அவங்கவங்க தலைப்புல இருக்குற வருஷத்தை எடுத்துப் பாத்திருப்பாங்கன்னு பந்தயம் கட்டுவேன். என் தலைப்பு மெட்ராஸ் குடிதண்ணி, செங்குன்றம் ஏரித் தண்ணி ஊருக்குள்ள வந்த 1872-ல ஆரம்பிச்சு பூண்டி நீர்த்தேக்கம் வந்த 1944-ல முடியுது. ஏன் 1944-னு கேட்டா பதில் என்கிட்ட இருக்கு, அதை எத்தனை வாக்கியத்துல சொல்லி நிறுத்தணும்ங்கிறதை அந்த ஹால்லதான் கத்துக்கிட்டேன்.

கேள்விங்க பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதேதான். இதுல புதுசா நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க, ஏன் இந்த இடம், ஏன் இந்தக் காலம், முதன்மை ஆதாரம் எது, அதை எங்க பாத்தீங்க, ஒரிஜினலா இல்ல வேற யாரோ எடுத்துக் காட்டினதை எடுத்தீங்களா. இந்தக் கடைசிக் கேள்வியிலதான் நிறைய பேருக்கு வேர்க்கும். ஆவணக் காப்பகத்துக்குப் போகாமலே ஜி.ஓ. நம்பரை அடிக்குறிப்புல போட்டவங்க உண்டு, எக்ஸ்டர்னல் அந்த ஃபைலை நேர்ல பாத்தவரா இருந்துட்டா கதை முடிஞ்சுது. வைவாவுக்கு முன்னாடி தீசிஸ் டிபார்ட்மென்ட் லைப்ரரியில வச்சிருப்பாங்க, போறதுக்கு முன்னாடி முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் புரட்டிட்டுப் போங்க, கேள்வி நேரத்துல சுவாரசியம் பத்து மடங்கு ஆகும். முடிஞ்ச தீசிஸ் எல்லாம் அப்புறம் ஷோத்கங்கா வெப்சைட்டுல ஏறிடும், காந்திநகர்ல இருக்குற இன்ஃப்லிப்நெட் நடத்துறது, இலவசம், வைவாவுல என்ன கேட்டாங்கன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு அங்க போயி அந்த அத்தியாயத்தைப் படிச்சா ரெண்டு மாச கோர்ஸ்வொர்க்குக்குச் சமம்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிடுறேன், யாரும் வெளிய பேசுறது இல்ல. வைவா அன்னைக்கு எக்ஸ்டர்னலுக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் சாப்பாடு, பொன்னாடை, ஸ்வீட் பாக்ஸ், பொக்கே எல்லாம் ஸ்காலர் கைக்காசுங்கிற வழக்கம் பல இடத்துல இருக்கு. எந்த ரூல்லயும் இல்லாத செலவு. ஃபெல்லோஷிப் முடிஞ்சு வேலை தேடிக்கிட்டு இருக்குறவங்க கடன் வாங்கிப் பிரியாணி போடுறதைப் பாத்தா மனசு கேக்கல. டீயும் பிஸ்கட்டும் போதும்னு கைடுங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுடும். சொல்ற கைடுங்களும் இருக்காங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு.

தீசிஸ் சப்மிட் பண்ணப் போறவங்களுக்கு ப்ளேஜியரிசம் செக் சர்க்குலர் முக்கியம். 2018 யுஜிசி ரெகுலேஷன்படி ஒற்றுமை 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்ல, அதுக்கு மேல போனா படிப்படியா இறுகும், 60-ஐத் தாண்டினா ரிஜிஸ்ட்ரேஷனே கேன்சல். மேற்கோள், நூற்பட்டியல் எல்லாம் கணக்குல வராது, தொடர்ச்சியா 14 வார்த்தை வரைக்கும் தற்செயலா ஒத்துப்போனாலும் விட்டுடுவாங்க. ரிப்போர்ட்டை நீங்களே உக்காந்து வரி வரியா பாருங்க, சிகப்புல காட்டுறது எல்லாம் திருட்டு கிடையாது, உங்க பழைய பேப்பரையே காட்டியிருக்கும் சில சமயம்.

சில கேம்பஸ்ல மூணு நிமிஷத்துல தீசிஸ் சொல்ற போட்டி நடக்குது, அந்த நோட்டீஸ் வந்தா பேர் குடுத்துடுங்க. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து யுனிவர்சிட்டியில 2008-ல ஆரம்பிச்சது இது, அப்ப அங்க கடும் வறட்சி, தண்ணி மிச்சம் பிடிக்க ஜனங்க பாத்ரூம்ல மூணு நிமிஷ டைமர் மாட்டி வச்சுக் குளிச்சாங்களாம், அதைப் பாத்துதான் இந்த ஐடியாவே வந்துச்சு. ஒரே ஒரு ஸ்லைடு, அசையாத ஸ்லைடு, கையில எந்தப் பொருளும் கூடாது. குடிதண்ணியில ஆராய்ச்சி பண்ற எனக்கு இந்தக் கதை கேட்டதுல இருந்து தனிப் பாசம். தமிழ்லயும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க, வீட்டுல அம்மாகிட்ட, "நீ என்னதான்டி படிக்கிறே"ங்கிற கேள்விக்கு மூணு நிமிஷத்துல பதில் வந்துட்டா தலைப்பு தெளிவா இருக்குன்னு அர்த்தம்.

கேம்பஸுக்கு வெளிய நடக்குறதையும் விடாதீங்க, சென்னையில இருக்குறவங்களுக்கு இது பெரிய வரம். தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல சொற்பொழிவு நடக்கும், அடையாறு காந்தி நகர்ல மெட்ராஸ் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமான எம்ஐடிஎஸ்-ல செமினார் இருக்கும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல பொன்மாலைப் பொழுது நிகழ்ச்சி. காசு கிடையாது, பேட்ஜ் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது, அதனாலயே உண்மையா கேக்க வந்தவங்க மட்டும்தான் உக்காந்திருப்பாங்க. எம்ஐடிஎஸ் மாதிரி இடத்துல பேசினவரைவிட கேள்வி கேக்குறவங்க அதிகம் பேசுவாங்க சில நாள், அதுவும் ஒரு படிப்புதான். ஜனவரியில புக் ஃபேர் வேற, அந்த மாசம் கன்டின்ஜென்ஸி, அதான் ஃபெல்லோஷிப்போட ஆராய்ச்சிச் செலவுக்குத் தர்ற பணம், அந்த பில்லு எல்லாரோடதும் வீங்கும், பில்லுல புக் பேரு தனித்தனியா எழுதி வாங்குங்க, "புத்தகங்கள்"னு மொத்தமா ஒரு வரி எழுதிக் குடுத்தா ஆடிட்ல திருப்பி விடுவாங்க.

கடைசியா, போர்டுல ரெண்டு பேப்பர் எப்பவும் ஒட்டியிருக்கணும், எங்கயாச்சும் மத்த நோட்டீஸுக்கு அடியில மறைஞ்சு இருக்கும், தேடிப் படிச்சுடுங்க. ஒண்ணு, இன்டர்னல் கமிட்டி மெம்பர்ஸ் லிஸ்ட். 2015 யுஜிசி ரெகுலேஷன்ஸ் வந்ததுல இருந்து பாலியல் தொல்லை புகார் குடுக்குற கமிட்டி ஸ்டூடன்ட்ஸுக்கும் சேர்த்துதான், ஸ்டூடன்ட்ஸ் சம்பந்தப்பட்ட புகார்னா மூணு ஸ்டூடன்ட்ஸ் உள்ள உக்காரணும், அதுல ஒருத்தர் ரிசர்ச் ஸ்காலர், அதுவும் எலக்ட் ஆனவரா இருக்கணும். சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள புகாரை எழுத்துல குடுக்கணும். கைடுங்கிற ஒரே ஆளோட கையெழுத்துல நம்ம வருஷங்க எல்லாம் தொங்கிக்கிட்டு இருக்குற இடம் இது, அதனால இந்த லிஸ்ட்டை சும்மாவாச்சும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

இன்னொண்ணு லீவு, எக்ஸ்டென்ஷன் பத்தினது. பிஹெச்டி காலம் கோர்ஸ்வொர்க்கையும் சேர்த்து மூணு வருஷத்துக்குக் குறையாம, ஆறு வருஷத்துக்கு மிகாம, ரீ-ரிஜிஸ்ட்ரேஷன்ல இன்னும் ரெண்டு வருஷம், பொண்ணுங்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல மாற்றுத்திறன் இருக்குறவங்களுக்கும் அதுக்கு மேல ரெண்டு, அவங்களுக்கு மொத்தம் பத்து வருஷம் வரைக்கும் போகலாம். பிரசவத்துக்கும் குழந்தையைப் பாத்துக்கவும் மொத்தம் 240 நாள் லீவு உண்டு. இது தெரியாம, குழந்தை பொறந்ததும் டிஸ்கன்டினியூ லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போன அக்காங்க எங்க பக்கத்து டிபார்ட்மென்ட்லயே இருக்காங்க, யாரும் அவங்ககிட்ட எடுத்துச் சொல்லல. லீவு கேட்டு லெட்டர் குடுக்கும்போது கைடு ஃபார்வர்டு பண்ணினதும் ரெண்டு காப்பியா எடுத்துட்டுப் போங்க, ஒண்ணை செக்‌ஷன்ல குடுத்துட்டு இன்னொண்ணுல இன்வர்டு நம்பரும் சீலும் வாங்கிட்டு வாங்க. சீல் அடிக்குறவர் மத்தியானம் ஒண்ணுல இருந்து ரெண்டரை வரைக்கும் சீட்ல இருக்க மாட்டார், காலையிலயே போயிடுங்க.